மொட்டை மாடியில் இருந்து தெருவுக்குப் பறந்த தகரம்! 'பெட்டி ஷெட்' பூட்டுவோர் உஷார்!

சென்னை,

காலையில் அட்டைப் பெட்டியாக வந்தது. பிற்பகலில் கொட்டகையாக எழுந்து நின்றது. மாலையில் அதன் கூரைத் தகடு ஒன்று தெருவில் கிடந்தது!

வடசென்னையில் ஒரு சந்து. கோடை மழைக்கு முன்னால் பத்தே நிமிடம் அடித்த காற்றில் இவ்வளவும் நடந்து முடிந்துவிட்டது.

இஸ்திரி வண்டிக்காரப் பெண் மயிரிழையில் உயிர் தப்பினார். ஷெட்டைப் பூட்டிய பெரியவருக்கு உள்ளங்கையில் ஏழு தையல். தெருவில் நின்ற ஒரு ஸ்கூட்டரின் முன்பக்கம் நசுங்கியது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

மாடியில் கத்தரிக்காய்

பெரியவர் ஒரு தனியார் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த வீடு. தரைத் தளத்தில் குடித்தனக்காரர், முதல் மாடியில் அவரும் மனைவியும், அதற்கு மேலே மொட்டை மாடி.

மாடியில் தோட்டம் போட்டிருக்கிறார்கள். கத்தரி, வெண்டை, தக்காளி, இரண்டு வகைக் கீரை. வீட்டுச் செலவில் காய்கறிக் கணக்கு பாதியாகக் குறைந்தது என்று அம்மாள் பெருமையாகச் சொல்கிறார்.

தோட்டம் வளர்ந்தது. கூடவே சாமானும் வளர்ந்தது. மண் மூட்டை, தென்னை நார்க்கழிவு மூட்டை, களைக்கொத்து, பூவாளி, மருந்து அடிக்கும் பம்பு. எல்லாம் மாடிப்படியில் குவிந்தன. குடித்தனக்காரர் முகம் சுளித்தார்.

"என்னங்க, படியில கால் வைக்க இடம் இல்லை. ஒரு நாள் யாராவது உருண்டு விழப் போறாங்க" என்றார் அம்மாள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் காதில் விஷயம் விழுந்தது. அங்கிருந்தே பணம் கட்டி ஒரு ரெடிமேட் தகர ஷெட்டை அனுப்பிவிட்டார். எட்டடிக்கு ஆறடி. உயரம் ஆறடி. வெல்டிங் வேண்டாம், மேஸ்திரி வேண்டாம், திருப்புளி ஒன்று போதும் என்று பெட்டி மேலேயே படம் போட்டிருந்தது.

வெளிநாடுகளில் வீட்டுக்குப் பின்னால் புல்தரை இருக்கும். அந்த மண்ணில் முளை அடித்து நிறுத்துவதற்காக உண்டான சாமான் இது. மொட்டை மாடிக்கு என்று யாரும் செய்யவில்லை. ஆனால் இதைப் பெட்டியில் எங்கேயும் எழுதவில்லை!

நானூறு திருகு!

காலை பத்தரை மணிக்குப் பெட்டியைப் பிரித்தார்கள். உள்ளே மெல்லிய தகடுகள், ஓரச் சட்டங்கள், கதவு இரண்டு பலகை, ஒரு பையில் நானூறுக்கு மேல் திருகும் நட்டும் வாஷரும். ஒரு புத்தகம். அதில் எழுத்து குறைவு, படம் அதிகம். எல்லாத் தகட்டிலும் நம்பர் ஒட்டி இருந்தது.

மொத்த ஷெட்டும் சேர்த்து எடை 60 கிலோ. ஒரு ஆள் எடைகூட இல்லை. இந்த 60 கிலோவை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வருகிறது.

முதல் தப்பு அடிச்சட்டத்திலேயே நடந்தது.

எட்டுக்கு ஆறு என்றால் மூலைக்கு மூலை சரியாகப் பத்து அடி வர வேண்டும். சித்தாள் வேலை பார்க்கும் பையனைக் கேட்டால்கூட இதைச் சொல்லுவான். கயிறு பிடித்து இரண்டு பக்கமும் அளந்து, இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் மூலைமட்டம் சரி என்று அர்த்தம்.

பெரியவர் அளந்தார். ஒரு பக்கம் பத்தடி இரண்டு அங்குலம். மறு பக்கம் ஒன்பதடி பத்து அங்குலம். "ரெண்டு அங்குலம்தானே, தகடு ஏறினா இழுத்துக்கும்" என்று விட்டுவிட்டார்.

தகடு இழுத்துக்கொள்ளவில்லை. சுவர்கள் எழுந்து நின்றன. கூரைக்கு வந்தபோது ஓட்டைக்கு நேர் ஓட்டை வரவில்லை. போட்ட திருகை எல்லாம் கழற்றி, அடிச்சட்டத்தைத் தட்டி நகர்த்தி, மறுபடியும் பூட்டியதில் இரண்டு மணி நேரம் போயிற்று. ஒவ்வொரு திருகையும் போட்ட உடனே முழுசாக முறுக்கியது அடுத்த தப்பு. எல்லாத் தகடும் ஏறும் வரை திருகை அரை முறுக்கில் விட்டுக் கடைசியில் இறுக்குவதுதான் முறை.

வாட்டம் செய்த வஞ்சனை

மொட்டை மாடித் தரை மட்டமாக இருக்காது. மழைத் தண்ணீர் குழாய்க்கு ஓட வேண்டும் என்று கொத்தனார் வாட்டம் விட்டுத்தான் ஓடு பதித்திருப்பார். பெட்டி ஷெட்டோ மட்டமான தரையைக் கேட்கிறது. வாட்டத்தில் வைத்தால் கதவு தானாகத் திறந்துகொள்ளும், அல்லது மூடவே மூடாது.

பெரியவர் தாழ்ந்த பக்கம் உடைந்த ஓட்டுத் துண்டுகளை அண்டைக் கொடுத்தார். கதவு மூடியது. ஆனால் அடியில் இரண்டு விரல் இடைவெளி விழுந்தது. தண்ணீர் போகட்டும் என்று நினைத்தார்.

அந்த வழியாகத்தான் காற்று புகுந்தது!

நாலேகால் மணி

மாலை நாலு மணிக்கு நாலு சுவரும் நின்றன. கூரையில் பாதித் தகடு ஏறி இருந்தது. அவையும் தற்காலிகமாக ஒவ்வொரு திருகில் தொங்கின. மீதித் தகடுகளைத் தரையில் அடுக்கி, மேலே ஒரு செங்கல் வைத்துவிட்டு இருவரும் காபி குடிக்கக் கீழே இறங்கினார்கள்.

மேற்கே வானம் கறுத்தது. தெருவில் புழுதி சுழன்றது. மாடியில் 'தடால்' என்று சத்தம்.

பெரியவர் ஓடினார். ஷெட் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு ஆடியது. கூரைத் தகடு ஒன்று பிய்ந்து எழும்பியது. வெறுங்கையால் எட்டிப் பிடித்தார்!

காற்றில் தகடு என்பது பாய்மரம் மாதிரி. பிடித்த ஆளையும் சேர்த்து இழுக்கும். தகட்டின் ஓரமோ பிளேடு மாதிரி. கையைக் கிழித்துக்கொண்டு, மூன்றடி கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பறந்தது தகடு. அதைப் பிடிப்பேன் என்று அவர் இன்னும் இரண்டு அடி ஓடி இருந்தால் செய்தியே வேறு மாதிரி ஆகி இருக்கும்.

கீழே இஸ்திரி வண்டி. எந்நேரமும் அந்த அம்மாள் அங்கேதான் நிற்பார்.

"மழை வருதேன்னு துணி மூட்டையை எதிர்வீட்டுத் திண்ணையில வைக்கப் போனேன். திரும்பிப் பாக்குறேன், நான் நின்ன இடத்துல தகரம் நிக்குது. அப்படியே சாஞ்சு ஸ்கூட்டர் மேல விழுது. எனக்குக் கை காலெல்லாம் உதறிடுச்சு. ரெண்டு புள்ளைங்க சார் எனக்கு" என்று அவர் சொன்னபோது குரல் நடுங்கியது.

அலறல் கேட்டு அக்கம்பக்கத்தினர் திரண்டனர். ஸ்கூட்டர்காரர் கத்தினார். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்த பெரியவரைப் பார்த்ததும் அவரே அடங்கி, அதே ஸ்கூட்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். போலீசில் புகார் எதுவும் கொடுக்கப்படவில்லை.

காற்றின் கணக்கு என்ன?

ஷெட் போடும் எல்லோரும் கேட்கும் கேள்வி, "இது கீழே விழாம நிக்குமா?" என்பதுதான். "இது மேலே போகாம நிக்குமா?" என்று கேட்பவர் இல்லை.

காற்று சுவரைத் தள்ளுகிறது. அதே காற்று கூரை மேல் வழுக்கிப் போகும்போது கூரையை மேலே உறிஞ்சுகிறது. கதவு திறந்திருந்தாலோ, அடியில் சந்து இருந்தாலோ உள்ளே புகுந்து கீழே இருந்தும் தூக்குகிறது.

கணக்கு கஷ்டம் இல்லை. காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, மறுபடி 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரில் விழும் அழுத்தம் நியூட்டன் கணக்கில் வரும். பத்தால் வகுத்தால் ஏறக்குறைய கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்கு!

பெரியவரின் ஷெட்டுக்குக் கூரை சுமார் நாலரை சதுர மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் அந்தக் கூரையில் விசை ஏறக்குறைய 75 கிலோ. கோடை மழைக்கு முன் வரும் சூறைக்காற்றுக்கு இந்த வேகம் அதிசயம் அல்ல. ஷெட்டின் எடை? 60 கிலோ!

2016-ம் ஆண்டு டிசம்பர் 12-ந்தேதி சென்னையைத் தாக்கிய வார்தா புயலை நகரம் மறக்கவில்லை. ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே நாளில் சாய்ந்தன. அன்று காற்று 100 கிலோமீட்டரைத் தாண்டியது. 110 என்று வைத்துக்கொண்டால் இதே கூரைக்கு விசை 250 கிலோ.

இன்னும் மேலே உண்டு. கட்டடங்களுக்குக் காற்றுச் சுமை கணக்கிடும் இந்தியத் தர விதி ஐ.எஸ். 875. அதில் சென்னைக்குக் கொடுத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் இந்தச் சின்ன ஷெட்டின் கூரையில் 680 கிலோ!

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். 60 கிலோ தகரத்துக்கு ஆடி மாதம்கூட வேண்டியதில்லை.

பூட்டி முடிக்காத ஷெட் இன்னும் மோசம். நாலு சுவரும் கூரையும் ஒன்றோடு ஒன்று இறுகின பிறகுதான் அதற்குப் பலம் வரும். கூரை இல்லாத நாலு சுவர் சீட்டுக்கட்டு வீடு. ஆகவே, முடிக்க நேரம் இல்லாத நாளில் ஆரம்பிக்கவே கூடாது. நடுவில் நிறுத்த நேர்ந்தால் மீதித் தகடுகளை மாடி அறைக்குள் கொண்டு போய் வைத்துப் பூட்ட வேண்டும். செங்கல் காவல் காக்காது.

ஓட்டில் அடித்த போல்ட்

பெரியவர் ஷெட்டை ஒன்றிலும் கட்டவில்லையா? கட்டினார். அதுதான் பரிதாபம்.

நாலு மூலையிலும் டிரில் போட்டு நாலு அங்குல ஆங்கர் போல்ட் அடித்திருந்தார். கடைக்காரர் நல்ல போல்ட்தான் கொடுத்திருந்தார். ஆனால் நாலும் முளைக்கீரை மாதிரி பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன.

ஏன்? மறுநாள் வந்து பார்த்த வெல்டிங் மேஸ்திரி ஒரே நிமிடத்தில் சொன்னார்.

"இன்னா சார், நீங்க போல்ட்டு அடிச்சது எதுல தெரியுமா? ஓட்டுலயும் சுருக்கியிலயும். காங்கிரீட்டு அதுக்குக் கீழ இல்ல இருக்குது!"

சென்னை வீடுகளின் மொட்டை மாடியில் காங்கிரீட் தளத்துக்கு மேலே மூன்று நாலு அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, அதற்கு மேல் தட்டு ஓடு பதிப்பது வழக்கம். வெயிலும் மழையும் தாக்காமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் போல்ட்டைப் பிடிக்கும் பலம் அதற்குக் கிடையாது. நாலு அங்குல போல்ட் அதற்குள்ளேயே முடிந்துவிடுகிறது. முறுக்கும்போது இறுகின மாதிரி தோன்றும். தூக்கினால் கையோடு வரும்.

சரி, நீள போல்ட்டாகப் பார்த்துக் காங்கிரீட்டில் இறக்கினால் என்ன? பிடிக்கும். ஆனால் போட்ட ஓட்டையைச் சரியாக அடைக்காவிட்டால் அடுத்த மழையில் கீழ் அறையில் ஒழுகும். ஆழம் தெரியாமல் டிரில்லை இறக்கினால் தளமே துளைத்துக்கொள்ளும்.

கைப்பிடிச் சுவரில் கட்டலாமே என்று நினைப்பவர்கள் அதிகம். கூடாது! பல வீடுகளில் அது நாலரை அங்குலச் செங்கல் சுவர். ஷெட் போகும்போது சுவரையும் கூட்டிக்கொண்டு போகும். தகடு ஒன்று விழுவதற்குப் பதில் செங்கல் நூறு விழும்.

மூட்டையை வைத்துவிட்டால் போதாதா என்று குடித்தனக்காரர் கேட்டார். அதற்கும் மேஸ்திரி பதில் வைத்திருந்தார். "மூட்டை தரை மேல குந்தினு இருக்கும் சார். ஷெட்டு தனியா போயிடும். மூட்டை அடிச்சட்டத்து மேல உக்காரணும், அடிச்சட்டம் சுவரோட சேர்ந்து இருக்கணும். அப்பத்தான் பிரயோஜனம்."

பாரத்தை ஏற்றிக்கொண்டே போகவும் முடியாது. ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ என்றுதான் கட்டடக் கணக்கில் கூடுதல் சுமை எடுத்துக்கொள்கிறார்கள். புயல் காற்றுக்குச் சமமாகச் சிமெண்ட் கட்டையை அடுக்கினால் அந்தக் கணக்கு அத்தோடு முடிந்துபோகும். பிறகு மண் தொட்டியை எங்கே வைப்பது?

கம்பிக்குத் தள்ளி நில்லுங்கள்

நகரின் நடுவில் மின்சாரக் கேபிள் பெரும்பாலும் பூமிக்கு அடியில் ஓடுகிறது. புறநகரில் பல தெருக்களில் இன்னமும் வீட்டை ஒட்டிக் கம்பி போகிறது.

சாதாரண வீட்டு மின்சாரக் கம்பியே ஆனாலும் கட்டடத்தில் இருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டர், அதாவது நாலடி தள்ளி இருக்க வேண்டும். மொட்டை மாடிக்கு மேலாகப் போனால் 2.5 மீட்டர் உயரம் வேண்டும் என்பது விதி. 11 ஆயிரம் வோல்ட் கம்பி என்றால் உயரம் 3.7 மீட்டர். வெறும் மாடிக்குச் சரியாக இருந்த இடைவெளி, அங்கே ஆறடி ஷெட் எழுந்தால் மீறல் ஆகிவிடும்.

ஷெட் நின்ற பிறகு இருக்கும் ஆபத்தைவிட, சாமான் ஏற்றும்போது இருக்கும் ஆபத்து பெரிது. படியில் திரும்பாது என்று பன்னிரண்டு அடி இரும்புப் பைப்பை வெளிப்பக்கமாகக் கயிறு கட்டித் தூக்குகிறார்கள். பைப் ஒரு சுற்று சுற்றும். கம்பியில் படும். கயிறு பிடித்தவர் கதி? எவ்வளவு நேரம் ஆனாலும் படி வழியாகவே ஏற்ற வேண்டும். முடியாவிட்டால் பைப்பை இரண்டாக வெட்டி மேலே போய் ஒட்ட வேண்டும்.

மறுபடியும் எழுந்தது

"வேண்டவே வேண்டாம், பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுடுங்க" என்றார் அம்மாள். பெரியவர் கேட்கவில்லை. மகன் காசு என்பது ஒரு காரணம். படியில் மறுபடியும் மூட்டை ஏறி இருந்தது இன்னொன்று.

இந்தத் தடவை மேஸ்திரி முன்னால் நின்றார். வீட்டைக் கட்டிய இன்ஜினியர் பக்கத்துத் தெருதான். அவரையும் கூட்டி வந்து காட்டினார்கள்.

இடத்தை முதலில் மாற்றினார்கள். தெருப்பக்கம் கைப்பிடிச் சுவர் ஓரமாக இருந்ததை, மாடிப்படி அறைச் சுவரை ஒட்டி நகர்த்தினார்கள். காற்று நேராக அடிக்காது. பிய்ந்தாலும் தெருவுக்குப் போகாது. மழைக்குழாய் வாயும் மறையாது.

சாத்தங்காடு இரும்பு மார்க்கெட்டில் இருந்து சதுரப் பைப் வாங்கி வந்து, வாட்டத்துக்குத் தகுந்த மாதிரி கால் வைத்து ஒரு சட்டம் வெல்டிங் செய்தார்கள். கீழ் அறைக்குப் போய்ச் சீலிங்கில் பீம் எங்கே ஓடுகிறது என்று அளந்து, மேலே அந்த நேருக்கு இரண்டு இடத்தில் மட்டும் ஓட்டையும் சுருக்கியையும் கொத்தி எடுத்தார்கள். பீம் காங்கிரீட்டில் போல்ட் இறங்கியது. சுற்றிலும் தண்ணீர் கசியாத கலவை வைத்துப் பூசி, ஒரு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்தார்கள். ஒழுகவில்லை.

மற்ற இரண்டு மூலைக்கும் அதிர்ஷ்டம் கை கொடுத்தது. பின்னால் இன்னொரு மாடி எடுக்கலாம் என்று விட்டிருந்த தூண் கம்பிகள் அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. துரு பிடித்து, துணி காயப்போடத்தான் உதவிக்கொண்டிருந்தன. துருவைச் சுரண்டிவிட்டுச் சட்டத்தை அவற்றோடு சேர்த்துக் கட்டினார்கள்.

பிறகு பெட்டி ஷெட். கயிறு பிடித்தார்கள். இந்தப் பக்கம் பத்தடி. அந்தப் பக்கமும் பத்தடி. எல்லாத் திருகும் அரை முறுக்கில் ஏறி, கடைசியில் ஒன்றாக இறுகின. கையில் தோல் உறை. ரப்பர் வாஷர் இல்லாமல் ஒரு திருகும் போகவில்லை. டிரில் போட்ட இடத்து இரும்புத் தூளை உடனே பெருக்கினார்கள். விட்டால் கடல் காற்றுக்கு அந்தத் தூளே முதலில் துரு பிடித்துத் தகட்டையும் அரிக்கும் என்றார் மேஸ்திரி. கூரைக்கு மேலாக இரண்டு இரும்புப் பட்டையைக் குறுக்கே ஓட்டி, இரண்டு பக்கமும் சட்டத்தில் பூட்டினார்கள்.

காலை ஆறரைக்கு ஆரம்பித்து, வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்தது.

மண்ணெண்ணெய், பெயிண்ட் மாதிரி சாமான்களை மட்டும் உள்ளே வைக்கவில்லை. அக்கினி நட்சத்திர வெயிலில் தகர ஷெட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து இரவில் மறுபடியும் ஒரு சூறைக்காற்று. பெரியவர் டார்ச் எடுத்துக்கொண்டு மாடிக்குக் கிளம்பினார். அம்மாள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "காலையில பாருங்க. இருந்தா இருக்கு, போனா போகுது" என்றார்.

காலையில் ஷெட் இருந்தது. இரண்டு தக்காளித் தொட்டிதான் கவிழ்ந்திருந்தன.

ஸ்கூட்டர்காரருக்கு ரிப்பேர் செலவைப் பெரியவர் கொடுத்துவிட்டார். தெருவில் விழுந்து வளைந்த பழைய தகட்டை இஸ்திரி அம்மாள் கேட்டு வாங்கிக்கொண்டார். தட்டி நிமிர்த்தி, வண்டிக்கு மேல் மறைப்பாகப் போட்டிருக்கிறார். நாலு மூலையிலும் கம்பி கட்டி இருக்கிறது.